ஏணியிலிருந்து விழும் தொழிலாளரின் பாதுகாப்பும் நஷ்டஈடும் குறித்த கோரிக்கை மனு

மதுரை மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள் சமூகத்திற்கு,

இம்மாவட்டத்தில் வெள்ளையடித்தும் வர்ணம் பூசியும் ஜீவிக்கும் தொழிலாளர் சங்கத்தார் வணக்கத்துடன் சமர்ப்பித்துக்கொள்வது:

தைப் பொங்கலுக்கு முன்னும் கல்யாண மாதங்களிலும் ஊரெங்கும் சுவர்கள் புதுக்கோலம் பெறுகிற காலத்தில், எங்கள் தோழர்கள் ஏணியிலிருந்து விழுந்து, இடுப்பும் முதுகெலும்பும் முறிந்து அரசாங்க ஆஸ்பத்திரியில் கிடக்க, தொழிலாளியின் அஜாக்கிரதையே காரணமென்று ஒரே வரியில் எழுதி முடிக்கும் வழக்கத்தைத் தாங்கள் மாற்றியருள வேண்டுமென்பதே எங்கள் பிரதான விண்ணப்பமாகும்.

நான்கு பங்கு உயரத்துக்கு ஒரு பங்கு சுவரைவிட்டு விலகி ஏணியின் கால் நிற்கவேண்டும் என்பதும், மேல்முனையைக் கட்ட இயலாத இடத்தில் அடியில் ஒருவர் பிடித்து நிற்கவேண்டும் என்பதும் எங்கள் தோழர்கள் அறியாதவையல்ல. ஆயினும், குறுகிய சந்துகளில் ஏணியைச் செங்குத்தாகச் சாத்துவதன்றி வேறு மார்க்கமில்லை. வழவழப்பான டைல்ஸ் தரையில் சாக்கை மடித்துப் போட்டாலும் ஏணி நழுவுகிறது. ஏணி பிடிக்கும் ஆளின் ஒருநாள் கூலியை மிச்சப்படுத்தக் கருதி மேஸ்திரி தனியாளாகவே அனுப்பும்போதோ, ஒரு கையில் வாளியும் மறுகையில் பிரஷ்ஷுமாக, எட்டாத மூலையை எட்டுவதற்குச் சாய்கிறவனுக்குப் பற்றிக்கொள்ள ஏதுமில்லை. அந்த ஒரு கூலியை மிச்சம் பிடித்ததே பல வீழ்ச்சிகளுக்கு மூலகாரணம் என்பதை நாங்கள் அனுபவத்தில் கண்டிருக்கிறோம்.

விழுந்தவனின் படுக்கையருகே சொற்பத் தொகையை வைத்து, இனிமேல் யாதொரு பாத்தியதையும் இல்லையென்று கைநாட்டு வாங்கும் கொடுமையும் நடக்கிறது. நஷ்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுக்கச் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் முதற்கொண்டே விதி இருந்தும், எழுத்தறியாத குடும்பங்களுக்கு அதை எடுத்துச் சொல்வார் இல்லை.

ஆகையால், அரசாங்கப் பள்ளிகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் நடைபெறும் வர்ணவேலைகளின் மதிப்பீட்டிலேயே ஏணி பிடிப்பவரின் கூலி தனியே சேர்க்கப்பட வேண்டும். மாடிக்கு மேற்பட்ட உயரத்தில் ஏணியை விலக்கிச் சாரம் கட்டுவதைக் கட்டாயமாக்க வேண்டும். வீழ்ச்சி நேர்ந்தால், ஏணி சாத்தியிருந்த நிலை, கட்டு, உடனிருந்த ஆள் ஆகியவற்றை நேரில் பரிசீலித்த பின்னரே காரணம் பதிவாக வேண்டும். தமிழ்நாட்டில் 1994ஆம் ஆண்டு அமைந்த கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் இன்னும் பதிவு பெறாதவர்களுக்கென வார்டுதோறும் முகாம் நடத்தவும் உத்தரவிட வேண்டும்.

ஊனமுற்ற தோழர்களின் குடும்பத்தாரைத் தாங்கள் நேரில் கண்டு விசாரிக்க ஒரு நாள் குறித்தருளுமாறு பிரார்த்திக்கிறோம்.

இங்ஙனம்,
தலைவர், செயலாளர் மற்றும் அங்கத்தினர்கள்