பாட்டுக்கு எத்தனை எண்ணிக்கை?

இந்த வாரம் எந்தப் பாட்டு முதலிடம் என்று அறிய ஆவல் கொள்ளாதார் யார்? ரேடியோ சிலோனின் 'பினாகா கீத்மாலா'வுக்காகப் புதன்கிழமை இரவுகளில் காத்திருந்த பெரியவர்கள் நம்மவர் இல்லங்களிலும் உண்டு. அது தொடங்கிய 1952ஆம் ஆண்டிலேதான் பிரிட்டனின் பாட்டு வரிசையும் பிறந்தது. அதன் கணக்கு மாறிவந்த வரலாற்றை இம்மாதம் நோக்குவோம்.

அவ்வாண்டு நவம்பர் 14ஆம் தேதி 'நியூ மியூசிகல் எக்ஸ்பிரஸ்' பத்திரிகை அவ்வரிசையை வெளியிட்டது. பெர்சி டிக்கின்ஸ் என்பார் சுமார் 20 கடைகளைத் தொலைபேசியில் அழைத்து, அதிகம் விற்ற இசைத்தட்டுகள் எவை என்று கேட்டறிந்தார். ஒரு தட்டு விற்றால் ஒன்று; அவ்வளவே கணக்கு. வாங்கியவர் அதை நூறு முறை கேட்டாரா, பரண்மேல் இட்டாரா என்பதைக் கடைக்காரர் அறியார்.

2005 ஏப்ரலில், இணையத்தில் விலைக்குப் பதிவிறக்கிய பாட்டுகளும் சேர்க்கப்பட்டன. மறு ஆண்டில் 'கிரேசி' என்ற பாட்டு, தட்டு கடைக்கு வருமுன்னரே முதலிடம் பெற்றது. எனினும் அதுவும் விற்பனையே.

சிக்கல் 'ஸ்ட்ரீமிங்'கோடு வந்தது. சந்தா கட்டியோ, இடையிடையே விளம்பரம் கேட்டு இலவசமாகவோ, வேண்டும்போதெல்லாம் பாட்டுக் கேட்கலாம். விற்பனை என்று ஒன்று இல்லை. ரயில் நிலையத்தில் ஒரு டிக்கெட் விற்றால் ஒரு பயணம் என்று எழுதிவிடுகிறோம். சீசன் டிக்கெட் வாங்கியவர் எத்தனை முறை ஏறி இறங்கினார் என்பதற்கோ ஏதேனும் ஒரு விகிதம் வகுத்துக்கொள்ளத்தான் வேண்டும். அவர்களும் அவ்வாறே செய்தனர். 2014 ஜூலையில், 100 முறை கேட்டால் ஒரு விற்பனை என வகுத்தனர்.

விகிதம் வந்ததும் விந்தைகளும் வந்தன. 2017 மார்ச்சில் எட் ஷீரனின் ஒரே ஆல்பத்திலிருந்து 16 பாட்டுகள் முதல் 20 இடங்களுக்குள் புகுந்தன. அவ்வாண்டே, ஒரு பாடகருக்கு மூன்று பாட்டுகளுக்கு மேல் இடமில்லை என்றனர். நெடுநாள் நின்று இறங்குமுகமான பாட்டுக்கும், பழம் பாட்டுக்கும் கேட்பின் மதிப்பைப் பாதியாக்கினர். 1985இல் வெளிவந்த கேட் புஷ்ஷின் பாட்டொன்று, தொலைக்காட்சித் தொடரொன்றால் 2022இல் மீண்டும் நாடெங்கும் ஒலித்தது. அவ்விதியிலிருந்து விலக்கு அளித்த பின்னரே, 37 ஆண்டுகள் கழித்து, அது முதலிடம் ஏறிற்று.

நம் உள்ளத்தை உறுத்துவது 2018இல் செய்த ஏற்பாடு. சந்தாதாரர் 100 முறை கேட்டால் ஒரு விற்பனை. இலவசமாகக் கேட்பவரோ 600 முறை கேட்க வேண்டும். இலவசக் கேட்பால் கலைஞருக்குச் சேரும் பணம் குறைவு. ஆதலின் வாணிபக் கணக்காக இதில் நியாயம் உண்டு. ஆனால் அதனையே மக்களின் விருப்பம் என்று கூறினால், சந்தா கட்ட இயலாத மாணவனின் செவிக்கு ஆறில் ஒரு பங்கு மதிப்புத்தானா?

எண்ணுவோர் எதையேனும் எண்ணித்தான் ஆகவேண்டும், அதில் பிழையில்லை. ஆயினும் வரிசையில் முதலாவது எது என்று நம் சிறுவர்கள் வினவும்போது, அங்கே எண்ணப்பட்டது எது, யாருடைய கேட்புக்கு எவ்வளவு மதிப்பு என்று வினவவும் அவர்களைப் பழக்குவோமாக.