மலைக்கு முன்னே மாடிப்படி



புரட்டாசி பிறந்தால் போதும், காட்பாடியிலிருந்து சித்தூர் வழியாகத் திருப்பதி போகும் சாலையோரம் மஞ்சள் வேட்டிகளும் மஞ்சள் புடவைகளும் நடக்க ஆரம்பித்துவிடும். திருத்தணி, நகரி, புத்தூர் வழியாக வருகிற சென்னைக் கூட்டம் இன்னொரு பக்கம். நாள் கணக்கில் நடந்து கால் புழுதியோடு வந்து சேரும் இவர்கள், அலிபிரியில் சூடம் கொளுத்திவிட்டுச் சாவகாசமாகப் படியேறுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே படியில், இரவு பஸ்ஸில் தூங்கி வந்து காலையில் இறங்கிய முப்பது வயதுக்காரர் ஒருவர் இருநூறாவது படியிலேயே தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பார். முகத்தில் வெட்கம் வேறு.

அவர் வெட்கப்பட வேண்டியதில்லை. அவர் உடம்பு பழுதாகிவிடவில்லை, தாமதமாக வேலைக்கு வந்திருக்கிறது. அவ்வளவுதான்.

அலிபிரிப் பாதையில் 3,550 படிகள். நடை தூரம் ஏறக்குறைய 9 கிலோமீட்டர். சீனிவாச மங்காபுரம் பக்கமிருந்து ஏறும் ஸ்ரீவாரி மெட்டு இரண்டு கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனால் அதற்குள் 2,400 படிகளை அடுக்கிவைத்திருக்கிறது. அலிபிரி வழியில் செங்குத்தான ஏற்றத்தில் பெரும்பகுதி ஆரம்பத்திலேயே வந்துவிடுகிறது. காலி கோபுரம் வரை ஒரே ஏற்றம். அதற்கப்புறம் சமதளமும் படியுமாக மாறி மாறி வந்து, மான் பூங்கா தாண்டி, கடைசியில் மோக்காள்ள பர்வதம் முழங்காலைப் பதம் பார்க்கும். ராமானுஜர் அந்த ஏற்றத்தை முழங்காலாலேயே ஏறினார் என்பது மரபு.

இந்த அமைப்புதான் நம்மைத் திணறவைக்கிறது. தசைக்குள் உடனடிச் செலவுக்கு இருக்கும் ஏடிபி என்ற சக்திப் பொருள் இரண்டு மூன்று விநாடிக்குத்தான் வரும். அதை மறுபடி நிரப்பித் தருகிற கிரியேட்டின் பாஸ்பேட் இன்னும் பத்து விநாடி தாங்கும். அதன்பின் தசை, ஆக்சிஜனுக்குக் காத்திராமல் சர்க்கரையை அவசரமாக உடைத்துச் சமாளிக்கிறது. ஆக்சிஜனை வைத்துச் சர்க்கரையையும் கொழுப்பையும் நிதானமாக எரிக்கிற முறை ஒன்று இருக்கிறதே, மணிக்கணக்கில் நம்மை நடக்கவைப்பது அதுதான். ஆனால் அது முழு வேகத்துக்கு வர இரண்டு மூன்று நிமிடமாவது ஆகும். நாமோ பஸ்ஸை விட்டு இறங்கி, தேங்காய் உடைத்த கையோடு, "கோவிந்தா!" என்று முதல் நூறு படியைப் பாய்ந்து ஏறிவிடுகிறோம். அந்த இடைவெளியில் கடனாக வாங்கிய சக்திக்குத்தான் தூணருகே நின்று மூச்சு மூச்சாக வட்டி கட்டுகிறோம்.

"மேலே போகப் போகக் காத்து கம்மி, அதான் மூச்சு வாங்குது" என்று பக்கத்தில் நிற்பவர் ஆறுதல் சொல்வார். திருமலை கடல் மட்டத்திலிருந்து சுமார் 850 மீட்டர் உயரம். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் பத்தில் ஒன்பது பங்கு இருக்கும். ஆரோக்கியமான நுரையீரலுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. போதாததற்கு, அவர் அப்படிச் சொல்கிற இடம் மலையடிவாரம்! மூச்சு வாங்கக் காரணம் ரத்தத்தில் சேரும் கரியமில வாயுவும் அமிலத்தன்மையும். மூளைத்தண்டு இவற்றை உடனே மோப்பம் பிடித்து, வேகமாகச் சுவாசி என்று உத்தரவு போடுகிறது. நாம் திணறி நிற்கும்போதும் பெரும்பாலும் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்திருப்பதில்லை.

இதயத்தின் கதை இன்னும் சுவாரசியம். சும்மா உட்கார்ந்திருக்கும்போது அது நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிறது. வேகமாகப் படியேறினால் பயிற்சி இல்லாதவருக்கே அது 15 லிட்டரைத் தாண்டும். தேர்ந்த நீண்டதூர ஓட்டக்காரர்களுக்கு 30 லிட்டருக்கு மேலும் போகும். அப்படித் தள்ளுகிற ரத்தத்தின் பெரும்பங்கு தசைகளுக்குத் திருப்பிவிடப்படுகிறது. ஓய்வில் ஐந்தில் ஒரு பங்கு பெறும் தசைகள், கடும் உழைப்பில் ஐந்தில் நான்கு பங்கை எடுத்துக்கொள்கின்றன. அதற்காக வயிறு, குடல் பக்கம் போகும் குழாய்கள் சுருக்கப்படுகின்றன. திருப்பதி பஸ் நிலையத்துக்கு எதிரே நெய் தோசையும் பொங்கலும் ஒரு பிடி பிடித்துவிட்டு நேரே அலிபிரிக்கு ஆட்டோ ஏறுகிறவர்களுக்கு வயிறு புரட்டுவது இதனால்தான். ஏறுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே சாப்பிட்டுவிடுங்கள். வழியில் வெள்ளரிக்காயும் மாங்காய்ப் பத்தையும் உப்பு மிளகாய்த்தூளோடு கிடைக்கின்றன. அந்த உப்பை நான் மனதார ஆதரிக்கிறேன், காரணம் பின்னால் வருகிறது.

எந்த வேகத்தில் ஏறுவது? மணிக்கட்டில் கடிகாரம் கட்டி நாடித்துடிப்பைப் பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அந்த எண் உதவாது, மாத்திரை துடிப்பைப் பிடித்துவைத்திருக்கும். உடற்பயிற்சி நிபுணர்கள் எளிய வழி ஒன்று வைத்திருக்கிறார்கள்: பேச்சுச் சோதனை. முழு வாக்கியம் பேச முடிந்தால் உடம்பு ஆக்சிஜன் கணக்கில் ஓடுகிறது. வாக்கியம் துண்டு துண்டானால் எல்லை வந்துவிட்டது. நமக்கு இதற்குத் தனியாகப் பாடம் வேண்டியதில்லை. கூட்டத்தோடு "ஏடுகொண்டலவாடா... வேங்கடரமணா..." என்று முழுதாகச் சொல்ல வந்தால் வேகம் சரி. மற்றவர்கள் முதல் பாதியைச் சொல்ல, நீங்கள் கடைசியில் "கோவிந்தா" மட்டும் சேர்த்துக்கொள்கிறீர்கள் என்றால், கொஞ்சம் உட்காருங்கள்.

ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்துச் சூடமேற்றிப் போகிற பெண்களைக் கவனித்துப் பாருங்கள். மூவாயிரத்துக்கு மேற்பட்ட தடவை குனிந்து நிமிர்கிறார்கள். அதை யார் செய்தாலும் இடுப்பு மறுநாள் பேசத்தான் செய்யும். ஆனால் மூச்சு வாங்கி நிற்பவர்கள் அவர்களில் குறைவு. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவே அந்தப் பூஜை கொடுக்கும் சில விநாடிகளில் தசை தன் கணக்கை நேர்செய்துகொள்கிறது. அந்த மெதுவான வேகத்தில் உடம்பு கொழுப்பை அதிகம் எரிக்கிறது. கொழுப்புக் கையிருப்புக்கு மெலிந்தவர்களிடம்கூடப் பஞ்சமில்லை. பாய்ந்து ஏறுகிற இளைஞர்தான் தசையிலும் கல்லீரலிலும் இருக்கும் கிளைக்கோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரையைச் சீக்கிரம் கரைத்து, பாதி வழியில் சோர்ந்து விழுகிறார்.

எவ்வளவு சக்தி செலவாகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 60 கிலோ எடையை 650 மீட்டர் உயர்த்தச் சுமார் 90 கிலோ கலோரி வேலை. தசை கொடுக்கும் சக்தியில் நாலில் ஒன்றோ ஐந்தில் ஒன்றோதான் வேலையாகிறது. ஆகச் செலவு 400 கிலோ கலோரி வாக்கில். கிடையாக நடக்கும் தூரத்தையும் சேர்த்தால் 600ஐத் தாண்டும். மேலே போய் 175 கிராம் லட்டு ஒன்றை முழுசாகச் சாப்பிட்டால் கணக்கு தீர்ந்தது. உடம்பு இளைக்க மலையேறுகிறவர்கள் லட்டை நாலு பேருக்குப் பிட்டுக் கொடுத்துவிடுவது நல்லது.

வேலையாகாத மிச்சமெல்லாம் சூடு. திருப்பதி வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, கோடையில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும் ஊர். பாதைக்குக் கூரை போட்டிருப்பது பெரிய புண்ணியம். ஆனாலும் உள்ளே பிறக்கும் சூட்டுக்குக் கூரை என்ன செய்யும்? வியர்வை ஆவியாகித்தான் அது வெளியேற வேண்டும். புழுக்கத்தில் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வியர்வை சர்வசாதாரணம், அதோடு உப்பும் போகிறது. மாங்காய்ப் பத்தை உப்புக்கு என் ஆதரவு இதனால்தான். உப்பு போட்ட மோர் இன்னும் நல்லது. (ரத்த அழுத்தக்காரர்கள் என் பேச்சைக் கேட்டு அள்ளிப் போட்டுக்கொள்ள வேண்டாம்.) தொடர்ந்து ஒன்றிரண்டு வாரம் வெயிலில் நடந்தவருக்கு உடம்பு பழகிவிடும். வியர்வை சீக்கிரம் துளிர்க்கும், அதில் உப்பு குறையும், ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடும். பாதயாத்திரைக்காரர்கள் அலிபிரியில் அலட்டிக்கொள்ளாததற்கு இது ஒரு காரணம்.

இங்கே லண்டனுக்கு ஒரு நடை போய் வருவோம். 1953இல் ஜெரி மாரிஸ் என்ற மருத்துவரும் அவர் கூட்டாளிகளும் லண்டன் மாடிப் பேருந்து ஊழியர்களைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே பேருந்து, ஒரே நிறுவனம். ஓட்டுநர் நாளெல்லாம் உட்கார்ந்திருக்கிறார். நடத்துநர் டிக்கெட் கொடுக்க மாடிக்கும் கீழுக்குமாக ஒரு நாளில் 500 முதல் 750 படி ஏறுகிறார். ஓட்டுநர்களுக்கே மாரடைப்பு அதிகம் வந்தது. நடத்துநர்களுக்கு வந்தாலும் பிந்தித்தான் வந்தது, அதன் கடுமையும் குறைவு. உடலுழைப்புக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பை எண்ணிக்கையோடு உலகுக்குக் காட்டிய முதல் ஆய்வுகளில் இது முக்கியமானது.

ஒரு நாளைக்கு அறுநூறு படி என்று வைத்தால், அலிபிரியின் 3,550 படி அந்த நடத்துநருக்கு ஆறு நாள் வேலை. அவர் ஆறு நாளில் ஏறியதை நாம் ஒரே காலையில் ஏறுகிறோம். ஏறுவது தப்பில்லை. வருஷத்தின் மற்ற நாளெல்லாம் லிஃப்டில் போய்விட்டு அதைச் செய்வதில்தான் என் சண்டை. 1993இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வைப் பாருங்கள். கடுமையான உழைப்பைத் தொடர்ந்த ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு, வழக்கமாக உழைக்காதவர்களுக்குச் சாதாரண நேரத்தைவிட நூறு மடங்குக்கு மேல் எகிறியது. வாரத்தில் ஐந்து நாளாவது உடற்பயிற்சி செய்கிறவர்களுக்கு அது இரண்டு மூன்று மடங்கோடு நின்றது. ஓய்வில் இருக்கும்போது அந்த வாய்ப்பு மிகச் சிறியது என்பதால் பயந்து நடுங்கத் தேவையில்லை. ஆனால் இரண்டு எண்களுக்கும் உள்ள தூரத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை. அறுபது வயதைத் தாண்டியவர்களும், இதய நோய், ரத்த அழுத்தம், சர்க்கரை, ஆஸ்துமா உள்ளவர்களும் நடந்து ஏற வேண்டாம் என்று 2024இல் தேவஸ்தானமே கேட்டுக்கொண்டது. நெஞ்சு அழுத்தமோ, இடது கையில் வலியோ, தலைச்சுற்றலோ வந்தால், "இன்னும் கொஞ்சம்தான், ஏறிடலாம்" என்ற வீம்பு வேண்டாம். வழியில் மருத்துவ உதவி இருக்கிறது.

சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. புரட்டாசிச் சனிக்கிழமை விரதம், காலையில் வழக்கமான மருந்து, பிறகு படியேற்றம். இந்த மூன்றும் ஒன்று சேரக் கூடாது. உழைக்கும் தசை இன்சுலினை எதிர்பாராமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். வெறும் வயிற்றில் அதுவும் மருந்தும் சேர்ந்தால் சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கிவிடும். விரதமா, ஏற்றமா என்று உங்கள் மருத்துவரிடம் முதலில் கேளுங்கள்.

மற்றவர்கள் ஒரு மாதம் முன்பே மாடிப்படியில் தொடங்கலாம். வாரத்தில் ஐந்து நாள், அரை மணி நேரம், பேச்சு தடைபடாத வேகம். முதல் வாரத்திலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடி, ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் கூடுதல் ரத்தத்தைத் தள்ளும். தசைச் செல்களுக்குள் ஆக்சிஜனை வைத்துச் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் பெருகச் சில வாரமாகும். ஜான் ஹாலோசி 1967இல் எலிகளை ஓடவைத்துக் கண்டுபிடித்தது இது. அவை பெருகினால், ஆரம்பத்தில் சொன்ன அந்தத் தாமதமும் குறையும், தூணைப் பிடிக்கிற வேலை இருக்காது.

இறக்கத்தை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. ஏறிய மறுநாள் தொடை வலிப்பதற்கு "லாக்டிக் ஆசிட் சேர்ந்துபோச்சு" என்று குற்றம் சாட்டுவது இன்னும் நிற்கவில்லை. லாக்டேட் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும். அதை இதயமே எரிபொருளாகப் பயன்படுத்திக்கொள்கிறது. இரண்டாம் நாள் வலிக்குக் காரணம், இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பாரம் தாங்குவதால் அதன் இழைகளில் ஏற்படும் நுண்ணிய சேதம். நடந்து ஏறி பஸ்ஸில் இறங்குகிற நம் வழக்கம் அந்த வகையில் கெட்டிக்காரத்தனம். நடந்தே இறங்குவேன் என்கிறவர்கள் ஒரு தடியை ஊன்றிக்கொள்ளுங்கள், முழங்கால் பாரம் குறையும்.

இன்னொன்று. சேர்த்த வலு சேமிப்பில் கிடக்காது. 1966இல் அமெரிக்காவின் டல்லஸில் ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். முப்பது வருஷம் கழித்து அதே ஐந்து பேரைச் சோதித்தபோது, முப்பது வருஷ முதுமை அவர்கள் உடல் திறனைக் குறைத்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கை அதிகம் குறைத்திருந்தது தெரிந்தது. நம் நாட்காட்டி இந்த விஷயத்தில் தாராளமானது. புரட்டாசிக்குத் திருமலை என்றால், கார்த்திகைக்குத் திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம், தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை. நடுவில் விழும் வாரங்களை மாடிப்படியால் இட்டு நிரப்பிக்கொண்டால் போதும்.

வருஷா வருஷம் படிபூஜை செய்து ஏறுகிற வாசகிகள் எங்களுக்கு எழுதுங்கள். எத்தனை மணிக்குத் தொடங்குகிறீர்கள், வழியில் என்ன சாப்பிடுகிறீர்கள், இடுப்பையும் முழங்காலையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று விவரமாக வேண்டும். அடுத்த இதழில் அவற்றுக்கென்று இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்