ஆராய்ச்சி மாணவரின் மத நம்பிக்கையும் கைடும்: எங்கள் நிலைப்பாடு

விருதுநகர், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரக் கல்லூரிகளில் பிஎச்.டி. செய்யும் மாணவர்கள் சார்பில் இந்த அறிக்கையை வெளியிடுகிறோம். கைடின் மத நம்பிக்கை ஒன்றாகவும் மாணவரின் நம்பிக்கை வேறாகவும் இருக்கலாம். ஆய்வேட்டின் கதியை ஆய்வின் தரம் மட்டுமே தீர்மானிக்க வேண்டும்.

எங்கள் ஊர்களில் பத்திரகாளியம்மனுக்குப் பொங்கல் வைப்பவரும், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவரும், கறுப்புச் சட்டைக்காரரும் ஒரே தெருவில் பழகுகிறார்கள். அவர்கள் ஒருவரை ஒருவர் மறுத்துப் பேசலாம். கைடிடம் மாணவர் அப்படிப் பேசிவிட முடியாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை முன்னேற்ற அறிக்கையில் கைடின் கையெழுத்து வேண்டும். அது தள்ளிப்போனால் ஸ்காலர்ஷிப்பும் தள்ளிப்போகும். அந்தப் பயத்தில்தான் பலரும் "சரிங்க சார்" என்று தலையாட்டுகிறார்கள்.

ஆயுத பூஜையன்று ஆய்வகத்தில் தராசுக்கும் ஓவனுக்கும் சந்தனம், குங்குமம் வைத்து, பொரிகடலை படைக்கிறார்கள். விரும்புகிறவர் கும்பிடட்டும். கிறிஸ்தவ மாணவியோ, முஸ்லிம் மாணவரோ, நாத்திகரோ ஒதுங்கி நின்றால் அது கைடுக்குச் செய்யும் அவமரியாதை ஆகாது. கைடு வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு வராத மாணவருக்கும் இதே நியாயம்தான். அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற கல்வி நிறுவனத்தில், சம்மதமில்லாத ஒருவரை வழிபாட்டில் கலந்துகொள்ளச் சொல்லக் கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 28(3) பிரிவு.

நம்பிக்கை ஆய்வுப் பொருளையே தொடும்போதுதான் சிக்கல் பெரிதாகிறது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளுக்குத் தடை விதித்தது. அதன்பின் பட்டாசுப் புகை ஆராய்ச்சி, பட்டாசுத் தொழிலை நம்பியிருக்கும் எங்கள் ஊருக்குச் சோற்றுப் பிரச்சினையாகவும் ஆகிவிட்டது. தீபாவளி இரவில் காற்றின் நுண்துகளை அளக்கும் மாணவரிடம், அளந்த முறை சரியா என்று கைடு எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம். "பண்டிகையைக் குறை சொல்கிறாயா" என்று கேட்கக் கூடாது. மாணவருக்கும் இதே வரம்பு உண்டு. தன் நம்பிக்கையை அவர் ஆய்வுச் சான்றாக நீட்ட முடியாது.

நம்பிக்கை வேறாக இருந்தாலும் இந்த வரம்பைக் காக்க முடியும் என்பதற்குக் கணித மேதை ராமானுஜன் உதாரணம். தன் கணிதம் குலதெய்வம் நாமகிரித் தாயார் அருளியது என்று அவர் நம்பினார். அவரைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த கணிதவியலாளர் ஹார்டி, கல்லூரித் தேவாலயத்துக்குள் நுழையவே மறுத்த நாத்திகர். அவர் ராமானுஜனிடம் கேட்டது நிரூபணம். 1918-இல் ராமானுஜன் ராயல் சொசைட்டி உறுப்பினரானபோது முன்மொழிந்தவர்களில் ஹார்டியும் ஒருவர். நம்பிக்கையைப் பார்க்காமல் நிரூபணத்தை மட்டும் கேட்கும் இந்தப் பண்பையே எங்கள் கைடுகளிடமும் எதிர்பார்க்கிறோம்.

மாணவர்களே, வெள்ளிக்கிழமைத் தொழுகை நேரம், திருவிழா விடுப்பு பற்றியெல்லாம் சேரும்போதே கைடிடம் மரியாதையாகப் பேசிவிடுங்கள். நெருக்கடி வந்தால் தேதி போட்டு எழுதி வையுங்கள். துறைத் தலைவரிடமும் ஆராய்ச்சி ஆலோசனைக் குழுவிடமும் முறையிடுங்கள். அங்கே கேட்காவிட்டால், பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023 விதிகளின்படி அமைந்த மாணவர் குறைதீர்ப்புக் குழுவிடம் போங்கள்; அங்கும் தீராவிட்டால் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யுங்கள். கல்லூரி நிர்வாகங்களுக்கு எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: மத நம்பிக்கை சார்ந்த நெருக்கடியால் கைடு மாற்றம் கேட்கும் மாணவரின் பதிவும் உதவித்தொகையும் ஒரு நாள்கூட நிற்கக் கூடாது.