செத்துப்போகாத ஓட்டக்காரன்

மாரத்தான் என்ற சொல்லை எடுத்தாலே கூடவே ஒரு கதை வந்து நிற்கும். கி.மு. 490. மாரத்தான் சமவெளியில் பாரசீகப் படையை ஏதென்ஸ்காரர்கள் தோற்கடிக்கிறார்கள். ஃபீடிப்பிடிஸ் என்ற வீரன் வெற்றிச் செய்தியோடு ஏதென்ஸ் வரை மூச்சுவிடாமல் ஓடுகிறான். "வென்றுவிட்டோம்" என்கிறான். விழுகிறான். சாகிறான். நம்மூர் ஓட்டங்களில் மைக் பிடிப்பவர்கள் சொல்வதும் இதைத்தான், கிரீஸுக்கு ஓட வாருங்கள் என்று கூப்பிடும் சுற்றுலா விளம்பரங்கள் சொல்வதும் இதைத்தான். வரலாறு நடந்த அதே பாதையில் நீங்களும் ஓடலாமாம்!

கொடுமை என்னவென்றால், அந்த வரலாறு நடந்ததாக அந்தக் காலத்துக்குக் கிட்டத்தில் வாழ்ந்த யாருமே எழுதி வைக்கவில்லை.

மாரத்தான் போரைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய விரிவான பதிவு ஹெரோடோட்டஸ் எழுதியது. போர் முடிந்து ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்குள் எழுதியவர். போரில் கலந்துகொண்ட கிழவர்கள் சிலர் அவர் காலத்திலும் உயிரோடு இருந்திருக்கலாம். அவர் புத்தகத்தில் ஓட்டக்காரன் வருகிறான். ஆனால் அவன் ஓடியது மாரத்தானிலிருந்து ஏதென்ஸுக்கு இல்லை. போருக்கு முன்பே ஏதென்ஸிலிருந்து ஸ்பார்ட்டாவுக்கு ஓடுகிறான். ஏறக்குறைய 240 கிலோமீட்டர். கிளம்பிய மறுநாளே போய்ச் சேர்ந்துவிட்டான் என்கிறார் ஹெரோடோட்டஸ். அவன் போர்வீரனும் கிடையாது, செய்தி கொண்டு ஓடுவதே தொழிலாக இருந்தவன். (பெயரிலேயே குழப்பம் உண்டு. சில ஏடுகளில் ஃபிலிப்பிடிஸ் என்று இருக்கிறது.)

அவன் கொண்டுபோன செய்தி, "உதவிக்கு வாருங்கள்". ஸ்பார்ட்டாக்காரர்கள் சொன்ன பதில், "பௌர்ணமி வரட்டும், அதுவரை படை கிளம்பக் கூடாது என்பது எங்கள் சட்டம்". அந்த ஏமாற்றத்தோடு திரும்பி வந்தான். வழியில் தெகேயா ஊருக்கு மேலே உள்ள பார்த்தெனியோன் மலையில் பான் என்ற தெய்வம் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதாக ஏதென்ஸ் மக்களிடம் சொன்னான். அவர்களும் நம்பி, பிறகு அக்ரோபொலிஸ் குன்றின் அடியில் பானுக்கு ஒரு வழிபாட்டிடம் அமைத்தார்கள். செத்துப்போனவன் எப்படிங்க வந்து கதை சொல்லுவான்? :)

சரி, மாரத்தானிலிருந்து ஏதென்ஸுக்கு யாருமே ஓடவில்லையா? ஓடினார்கள். அதுவும் ஹெரோடோட்டஸில் இருக்கிறது. தோற்ற பாரசீகர்கள் கப்பலேறி, சூனியோன் முனையைச் சுற்றிக்கொண்டு, காவலில்லாத நகரத்தைப் பிடிக்கக் கிளம்பினார்கள். அதைப் பார்த்த ஏதென்ஸ் படை, சண்டை போட்ட அதே கால்களோடு, எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாக ஊர் திரும்பியது. கப்பல்கள் வந்தபோது நகரத்தைக் காக்கப் படை தயாராக நின்றது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உழவர்களும் குயவர்களும் இருந்த ஒரு குடிமக்கள் படை மொத்தமாக ஓடி வந்து தன் ஊரைக் காப்பாற்றியிருக்கிறது. இதைத் தூக்கி எறிந்துவிட்டு ஒற்றை ஆள் ஓடிச் செத்த கதையைப் பிடித்துக்கொண்டு தொங்குவதற்கு என்ன காரணம்?

அந்த ஒற்றை ஆள் போரிலிருந்து சுமார் 600 ஆண்டுகள் கழித்துத்தான் தலைகாட்டுகிறான். புளூட்டார்க் எழுதியபோது அவன் பெயர் தெர்சிப்பஸா யூக்ளிஸா என்றே முடிவாகவில்லை. அதற்குப் பிறகு வந்த லூசியன், வணக்கம் சொல்வதில் நேர்ந்த ஒரு வாய்த்தவறைப் பற்றிய கட்டுரையில் போகிற போக்கில் பழைய ஓட்டக்காரனின் பெயரை இந்தச் சாவோடு ஒட்டிவிட்டார். 1879இல் ராபர்ட் பிரௌனிங் என்ற ஆங்கிலக் கவிஞர் இரண்டு ஓட்டங்களையும் ஒரே ஆளுக்குக் கொடுத்துக் கவிதை எழுதினார். 1896 ஒலிம்பிக்கில் இப்படி ஒரு ஓட்டம் வைக்கலாம் என்று பிரெஞ்சு மொழியறிஞர் மிஷேல் பிரேயால் சொல்லி, வெள்ளிக் கோப்பையும் கொடுத்தார். அவ்வளவுதான் அந்தப் "பழங்கால மரபு". நம் தாத்தாக்களின் தாத்தா காலத்துச் சரக்கு. 42.195 கிலோமீட்டர் என்ற தூரம்கூட கிரீஸ் கொடுத்ததல்ல. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் வின்ட்சர் கோட்டையில் தொடங்கி அரங்கத்தில் அரச குடும்பத்தார் இருக்கைக்கு முன்னால் முடித்ததால் வந்த கணக்கு அது. 1921இல் அதையே நிரந்தரமாக்கினார்கள்.

"கதைதானே, விட்டுத் தள்ளுங்க" என்பார்கள். விட முடியாது. ஓட்டத்தின் உச்சம் சாவு என்று சொல்லும் கதை இது. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் ஃப்ரான்சிஸ்கோ லாசரோ என்ற போர்ச்சுகல் தச்சர் கடும் வெயிலில் ஓடிச் சுருண்டு விழுந்து மறுநாள் இறந்தார். அவர் இந்தக் கதையைக் கேட்டுத்தான் ஓடினார் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் உடம்பு "நிறுத்து" என்று கெஞ்சும்போது நிறுத்தாதவன்தான் வீரன் என்று ஒவ்வொரு ஓட்டத்தின் தொடக்கக் கோட்டிலும் போதிப்பது எந்த விதத்தில் நியாயம்? உண்மையான ஓட்டக்காரன் தன் வேலையை முடித்தான், கெட்ட செய்தியைச் சுமந்துகொண்டு உயிரோடு வீடு திரும்பினான். அவனை ஏன் கொல்ல வேண்டும்?

அவன் பாதையில் ஓட ஆசைப்படுகிறவர்களுக்கு வழி இருக்கிறது. ஹெரோடோட்டஸ் சொன்னது சாத்தியம்தானா என்று பார்க்க 1982இல் ஜான் ஃபோடன் என்ற பிரிட்டிஷ் விமானப்படை அதிகாரி சிலரோடு ஏதென்ஸிலிருந்து கிளம்பினார். மூன்று பேர் 40 மணி நேரத்துக்குள் ஸ்பார்ட்டாவைத் தொட்டார்கள். அடுத்த ஆண்டே ஸ்பார்டாத்லான் பந்தயம் பிறந்தது. 246 கிலோமீட்டர், 36 மணி நேரக் கெடு. அக்ரோபொலிஸ் அடியில் தொடங்கி, எலெஃப்சினாவின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை நாற்றத்தைத் தாண்டி, மெகாரா, கொரிந்து, நெமேயாவின் திராட்சைத் தோட்டங்கள், நடு இரவில் பார்த்தெனியோன் மலை, தெகேயா, கடைசியில் லியோனிடாஸ் சிலையின் காலடி. ஜெயித்தவருக்குப் பணம் கிடையாது. ஆலிவ் கிளை மாலையும், எவ்ரோட்டாஸ் ஆற்றுத் தண்ணீரும். 2023இல் ஃபோட்டிஸ் ஸிஸிமொப்பூலோஸ் 20 மணி நேரத்துக்குள் ஓடி முடித்தார். பழைய கிழவர் ஹெரோடோட்டஸ் புளுகவில்லை என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

எல்லாராலும் 246 ஓட முடியாது, உண்மைதான். மாரத்தான்–ஏதென்ஸ் சாலையில் ஓடுகிறவர்கள் தாராளமாக ஓடட்டும். ஆனால் எந்தச் சாலையில் ஓடுகிறோம் என்று தெரிந்து ஓடட்டும். விளம்பரத்தை நம்பி ஆலிவ் தோப்பு நடுவே மண்பாதையைத் தேடுபவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் தார்ச்சாலையும் பெட்ரோல் பங்கும் கடை வரிசையும். போரில் இறந்த 192 ஏதென்ஸ்காரர்களின் சாம்பல் மேட்டை ஆரம்பத்திலேயே சுற்றிவிட்டு, பத்தாவது கிலோமீட்டருக்கு அப்புறம் முப்பது வரை மேடுதான். இடையில் வரும் நேயா மாக்ரியும் ராஃபினாவும் சும்மா புறநகர் இல்லை. 1922க்குப் பிறகு சின்ன ஆசியாவிலிருந்து துரத்தப்பட்ட கிரேக்க அகதிகள் குடியேறிய ஊர்கள். நேயா மாக்ரி என்றால் புதிய மாக்ரி. பழைய மாக்ரி இன்று துருக்கியில், ஃபெத்தியே என்ற பெயரில்.

அந்த இரண்டு ஊருக்கும் நடுவில்தான் மாட்டி. 2018 ஜூலை 23 அன்று பெந்தெலி மலைச்சரிவில் பிடித்த தீ, காற்றோடு இறங்கி, இதே மாரத்தான் நெடுஞ்சாலையைத் தாண்டிக் குதித்து, மாட்டிக்குள் புகுந்தது. திட்டமில்லாமல் கட்டிய வீடுகள், முட்டுச் சந்துகள். கடல் கண்ணெதிரே இருந்தும் அதற்கு இறங்க வழி கிடைக்காமல் பலர் மாட்டிக்கொண்டார்கள். 104 பேர் இறந்தார்கள். 2024 ஆகஸ்டில் மறுபடி தீ வந்தபோது மாரத்தான் ஊரையே காலி செய்யச் சொன்னார்கள். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மனிதர்கள் ஓடிய மண் என்றால் அது இதுதான். விளம்பரத் தாளில் இதற்கு ஒரு வரி கிடையாது.

லாம்ப்ராகிஸுக்கும் பெரும்பாலும் இடம் கிடையாது. கிரிகோரிஸ் லாம்ப்ராகிஸ் மருத்துவர், நீளம் தாண்டும் வீரர், நாடாளுமன்ற உறுப்பினர். 1963 ஏப்ரல் 21 அன்று மாரத்தானிலிருந்து ஏதென்ஸுக்கு அமைதி நடைப்பயணம் போக முயன்றவர்களை அரசு தடை போட்டுக் கைது செய்தது. உறுப்பினர் என்பதால் அவரைத் தொட முடியவில்லை. பதாகையைத் தூக்கிக்கொண்டு தனியாக நடந்தார். அடுத்த மாதமே தெசலோனிக்கியில் அவரைத் தாக்கிக் கொன்றார்கள். கோஸ்டா கவ்ராஸ் எடுத்த 'ஸெட்' படம் அவர் கதைதான். ஏதென்ஸ் மாரத்தான் ஓட்டமே அவர் நினைவுக்கு அர்ப்பணிக்கப்பட்டது என்பது அதில் ஓடுகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? இந்தப் பாதையில் தனியாக வந்த ஒரு மனிதன்தான் வேண்டும் என்றால் இதோ, புகைப்படத்தோடு இருக்கிறாரே!

1896 ஒலிம்பிக்கில் ஜெயித்தவர் ஸ்பிரிடோன் லூயிஸ், மரூசி ஊரில் தண்ணீர் சுமந்து விற்றவர். 2 மணி 58 நிமிடம் 50 விநாடி. அவரையாவது கொண்டாடுகிறார்கள், நல்லது. ஸ்டமாட்டா ரெவிதியை யார் கொண்டாடுகிறார்கள்? ஏழைப் பெண், கைக்குழந்தைக்காரி. பந்தயத்தில் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டார், மறுத்தார்கள். மாரத்தான் ஊர்ப் பாதிரியார் ஓட்டக்காரர்களை ஆசீர்வதித்தார், இவரை மாட்டேன் என்றார். மறுநாள், ஏப்ரல் 11, காலை 8 மணிக்குத் தன்னந்தனியாகக் கிளம்பினார். புறப்பட்ட நேரத்துக்கு மாரத்தான் ஊர்க்காரர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார், பின்னால் யாரும் நம்ப மாட்டார்கள் என்று அப்போதே தெரிந்திருக்கிறது. மதியம் ஒன்றரைக்கு ஏதென்ஸின் விளிம்பை, இன்றைய எவாங்கெலிஸ்மோஸ் மருத்துவமனைப் பக்கத்தை, அடைந்தார். பளிங்கு அரங்கத்துக்குள் அவரால் போய் முடிக்க முடியவில்லை. ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் வந்தது 1984இல். இப்போது நவம்பர் தோறும் ஆயிரக்கணக்கான பெண்கள் அந்த மருத்துவமனைப் பக்கமாக ஓடித்தான் அரங்கத்துக்குள் நுழைகிறார்கள்.