லயத்து வீடு போனது, வாடகைச் சுமை வந்தது: பாக்கார் ஆராங் கணக்கு

வாடகை வீட்டுச் சிக்கல் கோலாலம்பூருக்கும் பினாங்கிற்கும் மட்டுமே உரியது என்ற எண்ணம் பலரிடம் உண்டு. ஆனால், சுங்கை பட்டாணி, பாக்கார் ஆராங் வட்டாரத்தில் தொழிற்சாலைச் சம்பளத்தை நம்பி வாழும் இந்தியக் குடும்பங்களுக்கு அது மாதந்தோறும் வாசலில் வந்து நிற்கும் கவலை.

இதன் வேர் தோட்டத்தில் இருக்கிறது. அங்கே கூலி குறைவு. ஆனால் லயத்து வீட்டுக்கு வாடகை இல்லை. வேலை போனால் வீடும் போகும் என்பதுதான் அதன் மறுபக்கம். 1950, 60களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது அந்த ஆபத்து வெளிப்பட்டது. அதைத் தடுக்கவே துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அது முதலில் வாங்கியது கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம். ஆயினும், பின்னாளில் பல தோட்டங்கள் தாமான்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. சொந்த வீடில்லாமல் வெளியேறியவர்கள் பட்டணத்தில் வாடகைக்குக் குடியேறினர்.

இரண்டாவது காரணம் வருமானம். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். வாடகை 700 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால், ஒருவர் சம்பளத்தில் அதுவே 41 விழுக்காடு. வீட்டுக்குள் நுழையும் முன்பே இரண்டு மாத முன்பணம், தண்ணீர், மின்சாரத்துக்கு அரை மாதம், முதல் மாத வாடகை என 2,450 ரிங்கிட் வேண்டும். 2022இல் நாட்டின் இடைநிலைக் குடும்ப வருமானம் 6,338 ரிங்கிட்; கெடாவில் அது 4,402 மட்டுமே.

மூன்றாவது, வேலைவாய்ப்பு வளர்ச்சியின் மறுபக்கம். கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவில் இன்ஃபினியோன் நிறுவனம் 500 கோடி யூரோ வரை கூடுதல் முதலீட்டை 2023இல் அறிவித்தது. பினாங்கில் வேலை செய்வோரும் நெடுஞ்சாலை, கொமுட்டர் இரயில் வசதியால் சுங்கை பட்டாணியில் தங்குகின்றனர். பினாங்குச் சம்பளமும் குறைந்தபட்சச் சம்பளமும் ஒரே வீட்டுக்குப் போட்டியிட்டால் வெல்வது யார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நாட்டில் வீடே இல்லையா? 2024 இறுதியில் கட்டி முடித்தும் விற்காத வீடுகள் 23,000க்கும் அதிகம். விலை ஓரிடத்தில், வருமானம் வேறிடத்தில் நிற்கிறது. மாதம் 124 ரிங்கிட் வாடகையில் கிடைக்கும் பிபிஆர் வீடுகளோ தேவைக்குப் போதவில்லை.

கடைசிக் காரணம் சட்டம். 1966 வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997இல் இரத்தானது. 1999 இறுதியோடு அதன் பாதுகாப்பும் முடிந்தது. ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளில் குடியிருந்த பலர் வெளியேற நேர்ந்தது. குடியிருப்பு வாடகைக்கான தனிச் சட்டம் பல ஆண்டுகளாகப் பேச்சளவிலேயே உள்ளது. அதனால் முன்பணத்தைத் திருப்பித் தராத உரிமையாளரிடம் வாடகைதாரர் தனியே போராட வேண்டியுள்ளது. "இந்தியர்களுக்கு வாடகைக்கு இல்லை" என்று வெளிப்படையாக விளம்பரம் செய்வோரையும் தடுக்க வழியில்லை.

சட்டம் வரும்வரை, ஒப்பந்தத்தை எழுத்தில் பெற்று முத்திரைத் தீர்வை செலுத்துவதும், முன்பணத்துக்கு இரசீது வாங்குவதும் நம் கையில் உள்ளவை. மற்றவை வாக்குக் கேட்டு வருவோரிடம் நாம் கேட்க வேண்டியவை: வாடகைதாரருக்குத் தனிச் சட்டம், பாக்கார் ஆராங் போன்ற தொழிற்பேட்டைகளின் அருகே மலிவு வாடகை வீடுகள், இனி எந்தத் தோட்டம் கைமாறினாலும் பாட்டாளிக்கு முதலில் வீடு.