தண்ணீருக்கும் ஒரு ஒர்க் ஷீட்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர், கேம்ஸ், இன்டர்நெட் என்று இரண்டு மாதம் போன பின், "இதனால் வீட்டிற்கு என்ன பயன்?" என்று கேட்கிறார்கள். எக்ஸெல்லில் மளிகைக் கணக்கு போடலாம் என்பதுதான் வழக்கமான பதில். மளிகைக் கணக்கிற்கு நோட்டே போதும் என்பது என் கருத்து. எக்ஸெல்லில் போட வேண்டியது தண்ணீர்க் கணக்கு.

சென்னையில் 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. முதல் ரயிலில் 50 வேகன்கள், 25 லட்சம் லிட்டர். அந்த நாட்களில் வீட்டுக்கு வீடு ஒரே சண்டை: யார் அதிகம் செலவழிப்பது? பழி பெரும்பாலும் பாத்திரம் தேய்க்கும் அம்மா மீதும், குளியலறையிலிருந்து வெளியே வராத பிள்ளைகள் மீதும் விழும். குழாயை யாரும் சந்தேகப்படுவதில்லை. ஆட்களைத் திட்டுவதற்கு முன் குழாய்களைக் கணக்கெடுங்கள் என்கிறேன். பல வீடுகளில் தண்ணீர் மீட்டர் கிடையாது. ஆனால் மொட்டை மாடியில் டேங்க் இருக்கிறதே!

இரவு எல்லாரும் படுத்த பின், டேங்கின் விளிம்பிலிருந்து தண்ணீர் மட்டம் வரை இன்ச் டேப்பால் அளந்து, சென்டிமீட்டரில் குறித்துக் கொள்ளவும். மோட்டார் ஓடக் கூடாது. விடியற்காலை யாரும் குழாயைத் திறக்கும் முன் மீண்டும் அளக்கவும். ஒர்க் ஷீட்டில் தேதி, இரவு அளவு, காலை அளவு என மூன்று நெடுவரிசைகள் அமைத்திடுங்கள். நான்காவதில் பார்முலா: சமக் குறி போட்டு, காலை அளவிலிருந்து இரவு அளவைக் கழித்து, அதனை டேங்க் விட்டத்தின் பாதியால் இரு முறை பெருக்கி, 3.14 ஆல் பெருக்கி, 1000 ஆல் வகுக்கவும். விடை லிட்டரில் கிடைக்கும். அந்த செல்லின் வலது கீழ் மூலையை மவுஸால் பிடித்துக் கீழே இழுத்தால் மற்ற நாட்களுக்கும் பார்முலா அமைந்துவிடும். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் தொகுப்பைப் பயன்படுத்தலாம்.

110 செ.மீ. விட்டமுள்ள டேங்கில் 1 செ.மீ. இறங்கினால் 9.5 லிட்டர். எங்கள் வீட்டில் 7 மணி நேரத்தில் 4 செ.மீ. இறங்கியது, அதாவது 38 லிட்டர். நாள் முழுவதற்கும் 130 லிட்டர். பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது மத்திய அரசின் வழிகாட்டி அளவு. ஏறக்குறைய இன்னொரு ஆள் எங்களுடன் குடியிருந்திருக்கிறார்!

சொட்டும் குழாயால் இவ்வளவு போகாது. நொடிக்கு ஒரு சொட்டு என்றாலும் நாளுக்கு இதைவிட மிகக் குறைவுதான். சத்தமே இல்லாமல் குடிப்பது டாய்லெட் பிளஷ் டேங்க். அதில் சிறிது கேசரிப் பவுடரைக் கரைத்து, பிளஷ் செய்யாமல் 20 நிமிடம் விடுங்கள். பீங்கானில் கலர் தெரிந்தால் உள்ளே வாஷர் போய்விட்டது. மாற்றுவது அரை மணி நேர வேலை.

செல்போனில் டேங்க் மட்டம் காட்டும் கருவிகள் கடைகளில் கிடைக்கின்றன. கம்ப்யூட்டர் பத்திரிகையில் இப்படி எழுதுவது சிலருக்குப் பிடிக்காது. ஆனாலும் அவற்றை வாஷருக்குப் பிறகு வாங்குங்கள். வாஷ் பேசின், சமையலறை சிங்க் குழாய்களின் வாயில் திருகும் ஏரேட்டர் அதைவிடப் பயன் தரும். வாளி நிரப்பும் குழாயில் அது வீண். வாளிக்கு வேண்டிய தண்ணீர் எப்படியும் பிடித்துத்தான் ஆக வேண்டும். டேங்க் உயரம் குறைவான வீடுகளில் ஏரேட்டர் போட்டால் தண்ணீர் நூலாக வரும். போர்வெல் தண்ணீர் என்றால் உப்பு அடைக்கும். அவ்வப்போது கழற்றி வினிகரில் ஊற வைக்கவும்.

வாஷர் மாற்றிய அன்று இரவே மறுபடி அளந்து, அடுத்த வரிசையில் டைப் செய்திடுங்கள். மட்டம் இன்னமும் இறங்கினால், அடுத்த பாத்ரூமுக்குக் கேசரிப் பவுடரை எடுத்துச் செல்லவும்.