பின்வாசலையும் திறந்து காட்டுங்கள்

நாட்டரசன்கோட்டை, கானாடுகாத்தான், ஆத்தங்குடி என்று எந்த ஊர்ச் செட்டிநாட்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தாலும் சொல்லப்படும் கதை ஒன்றுதான். பர்மா தேக்கு, இத்தாலி சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடி, முட்டை வெள்ளைக்கரு கலந்து இழைத்த சுண்ணாம்புச் சுவர். பொருள் ஒவ்வொன்றுக்கும் ஊர்ப்பெயர் உண்டு. அதைச் சுமந்து வந்தவர்களுக்கு மட்டும் பெயரும் இல்லை, ஊரும் இல்லை. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று கூட்டிப் போகிறவர்கள் பின்வாசலுக்கு முன்பே திரும்பிவிடுகிறார்கள். இந்த வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிபவை. முடிகிற அந்தப் பக்கத்தைப் பற்றித்தான் தோழர்களே, நாம் பேச வேண்டியிருக்கிறது.

எங்களை நெடுநேரம் நிற்க வைத்தவை பாத்திரங்கள். பித்தளை அண்டா, செம்புக் குடம், வெண்கலப் பானை, எனாமல் அடுக்கு. சுவரில் நகை பூட்டிய பெண்களின் புகைப்படங்கள். மூலையில் ஒரு பழைய குடை.

1930 டிசம்பரில், சிவகங்கைச் சீமையும் சேர்ந்திருந்த அன்றைய இராமநாதபுரம் ஜில்லாவில், கள்ளர் நாட்டார்கள் ஆதிதிராவிடர் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். தங்கம், வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. முடியைக் கிராப் வெட்டக் கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக் கூடாது, பூவும் மஞ்சளும் கூடாது. வெயிலுக்கோ மழைக்கோ குடை பிடிக்கக் கூடாது, செருப்பும் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன; தானியம் அழிக்கப்பட்டது; ஆடுமாடுகள் கொள்ளை போயின. 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாகின. பிள்ளைகள் படிக்கக் கூடாது, மிராசுதாரரின் மாடு மேய்க்க வேண்டும் என்பது அதில் ஒன்று. இதை நாங்கள் கற்பனை செய்யவில்லை. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன் தன் சாதி பற்றிய நூலில் பதிவு செய்தது.

இப்போது அந்தச் செம்புக் குடத்தையும் குடையையும் திரும்பிப் பாருங்கள்.

தடை போட்டவர்கள் நாட்டார்கள்தானே, வட்டிக்கடை நடத்திய நகரத்தாரை ஏன் இழுக்கிறீர்கள் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. நகரத்தார் அந்தத் தடைகளை விதித்தார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. ஒரு பொருளை அது புழங்கிய காலத்தின் அடையாளமாகக் காட்சிக்கு வைத்தால், அதே காலத்தில் அதே ஜில்லாவில் அது யாருக்கு மறுக்கப்பட்டது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள் என்கிறோம். எழுதாமல் விட்டுவிட்டு 'அந்தக் காலத்து வாழ்க்கை' என்று சொன்னால், அது யாருடைய வாழ்க்கை?

வந்த பணத்தின் கதையும் பாதிதான் சொல்லப்படுகிறது. உழைப்பு, சிக்கனம், நாணயம், இவற்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 விழுக்காடு நிலம் செட்டியார்களிடம் இருந்தது. 1938இல் அது 25 விழுக்காடு. இடையில் வந்த உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்து, கடன் கட்ட முடியாத பர்மிய விவசாயிகளின் நிலம் கைமாறியது. அதே காலத்தில் தென் மாவட்டங்களின் வறண்ட ஊர்களிலிருந்து கங்காணிகளின் பின்னால் இலங்கைத் தேயிலைக்கும் மலேயா ரப்பருக்கும் போனவர்களில் பெரும்பகுதி நம் மக்கள். 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பக் கணக்குப் போட்டது. ஒருவர் கடல் கடந்து போய் வந்ததற்கு மாளிகை சாட்சி. இன்னொருவருக்கு என்ன சாட்சி வைத்திருக்கிறோம்?

இது வெறும் பழங்கதைச் சண்டை இல்லை. செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. நாளை உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற பெயர் கிடைத்தால், பணமும் சாலையும் வேலையும் அதோடு வரும். அந்த விண்ணப்பத்தில் எந்தத் தெரு வரைபடத்துக்குள் வரும், எந்தத் தெரு வெளியே நிற்கும் என்பதை இப்போதே கேட்க வேண்டும். அதே 2014இல் அமெரிக்காவின் லூசியானாவில் விட்னி தோட்ட மாளிகை அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அங்கே போகிறவர்களுக்கு அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்களின் கதைதான் முதன்மையாகச் சொல்லப்படுகிறது. அவர்கள் பெயர்கள் சுவரில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. மாளிகையும் இடிந்துவிடவில்லை.

'எல்லாம் மாறிவிட்டது' என்று சொல்கிறவர்களுக்கு ஒரு ஊர்ப்பெயர் போதும்: கச்சநத்தம். இதே சிவகங்கை மாவட்டம். 2018 மே 28 இரவு தலித் மக்கள் தாக்கப்பட்டு மூன்று பேர் கொல்லப்பட்டார்கள். 2022இல் 27 பேருக்கு ஆயுள் தண்டனை.

நாட்டரசன்கோட்டையில் கண்ணுடைய நாயகி கோயிலுக்கு யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். கம்பன் சமாதிக்கும் சொல்வார்கள். இந்த வீட்டுக் கக்கூஸ் எங்கே இருந்தது, அதை அள்ளியவர் எந்த வழியாக வந்தார், அவருக்குக் கூலி எங்கே வைத்துக் கொடுக்கப்பட்டது என்று கேட்டால் வழிகாட்டிகள் சிரித்து நகர்கிறார்கள். கல்லூரியிலிருந்து சுற்றுலா போகும் மாணவர்கள் ஒவ்வொரு வீட்டிலும் இதைக் கேளுங்கள். எரிச்சலோடு சொல்லாமல், பதில் வரும்வரை கேளுங்கள். பதிலை எழுதி வையுங்கள்.

அதோடு உங்கள் வீட்டுப் பரணிலும் தேடுங்கள். தோட்டத்துக்குப் போன தாத்தாவின் டிரங்குப் பெட்டி, மண்டபம் முகாம் துண்டுச் சீட்டு, பழைய பாஸ்போர்ட், பாட்டி முதன்முதலில் வாங்கிய பித்தளைக் குடம். 1930களின் தடைகளைத் தங்கள் பெற்றோர் வாயால் கேட்டவர்கள் இன்னும் சில ஊர்களில் இருப்பார்கள்; எண்பதைத் தாண்டியவர்கள். கைபேசியை எடுத்துக்கொண்டு இந்தப் பொங்கல் விடுமுறைக்குள் போய்விடுங்கள்.